ஒரு ரன்னுக்கு இரண்டு

அன்புள்ள நண்பா,

கோத்தகிரியில் மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்குத் திட்டி எழுதியிருந்தாய். சரி, வாங்கிக்கொள்கிறேன்.

கோடை முகாம் பற்றிக் கேட்டிருந்தாயே. போன வருஷம் பார்வையில்லாத பையன் ஒருவன் சேர்ந்தான், ஒன்பதாம் வகுப்பு. கிரிக்கெட் நேரத்தில் அவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒருவன் காதில் சொல்லச் சொல்ல, இவன் கமென்ட்ரி கொடுப்பான். பெற்றோர் கைதட்டினார்கள், எனக்கும் பெருமை. ராத்திரி படுத்த பிறகுதான் நம் வகுப்பில் போலியோவால் கால் சூம்பிப்போனவன் நினைவுக்கு வந்தான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அவன்தானே நமக்கு அம்பயர்? பையைத் தூக்கினோம், கடலை மிட்டாயில் பங்கு கொடுத்தோம். பேட்டை மட்டும் ஒருநாளும் கொடுக்கவில்லை. அவன் போன் நம்பர் உன்னிடம் இருக்குமா?

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டில் பங்கேற்பதைப் பற்றித் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. எனக்கோ மைக்தான் தோன்றியது.

இந்த வருஷம் அந்த மைக் பையனே வந்து, "பேட்டிங் வேணும் சார்" என்றான். உருளும்போது சத்தம் கேட்கட்டும் என்று பிள்ளைகள் பிளாஸ்டிக் பந்துக்குள் சைக்கிள் பேரிங் குண்டுகளைப் போட்டு ஒட்டினார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் கையைத் தாழ்த்தித்தான் பந்து போட வேண்டும். போடுமுன் "ரெடியா?" என்று கேட்டு, விடும்போது "பிளே" என்று கத்த வேண்டும். இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். நம் மைதானத்தில் மூடுபனி இறங்கினால் எல்லாருக்குமே அந்தச் சத்தம்தான் துணை!

மூன்றாம் நாள் சண்டை. முழுக்கப் பார்வையில்லாதவர் எடுக்கும் ரன்னை இரட்டிப்பாகக் கணக்கிடுவது அந்த ஆட்டத்தின் விதி. பையன் அதைத் தெரிந்துகொண்டு வந்து, நேற்று அடித்த ஏழையும் பதினாலாக்கு என்று பிடிவாதம். "அழுகுணி ஆட்டம் ஆடுறான் சார்" என்று ஒரு பொடியன் கத்தினான். அதட்ட வாயைத் திறந்தேன், அப்புறம் மூடிக்கொண்டேன். நம் அம்பயரிடம் யாராவது அப்படிச் சண்டை போட்டோமா?

கடைசியில் தீர்ப்பையும் அவர்களே சொன்னார்கள்: யார் வேண்டுமானாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடலாம், அவர்களுக்கும் இரட்டிப்பு. கண்ணைக் கட்டிய முதல் ஆள் அந்தப் பொடியன்தான். முதல் பந்திலேயே போல்டு. போட்டவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டிய பந்துகள் தேயிலைச் சரிவில் உருண்டு உருண்டு பிளந்துபோகின்றன. மதுரையில் அசல் பந்து கிடைத்தால் நாலு வாங்கி அனுப்பு. பணம் அனுப்பிவிடுகிறேன்.

உன்
பழைய விக்கெட் கீப்பர்