குடோன் விஷயமாக, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் உன் தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் சேவு, மசாலா ஃபேக்டரியின் சாத்தூர் குடோனில் கால் வைக்க இடமில்லை, லாரி பிடிப்பதிலேயே தம்பிக்குப் பாதி நாள் போகிறது, எல்லாவற்றையும் சரக்கை வைத்துக் காத்து அனுப்பிக் கொடுக்கும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி கையில் கொடுத்துவிடலாமா என்கிறாய். அந்தத் தொழிலில் இருப்பவன் நான், "கொடு" என்றுதான் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். தூரத்துச் சரக்கைக் கொடு. சாத்தூரில் இருப்பதைக் கொடுக்காதே.

ஃபேக்டரியை ஒட்டிய குடோன் உனக்கு வெறும் இடம் இல்லை. சீசனில் வாங்கிய வத்தலும் மல்லியும் அங்கேதான் கிடக்கின்றன. சேவு சூடு ஆறுவதும், பாக்கெட் சீல் சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும் அங்கேதான். அதை வேறொருவனிடம் விட்டால் ஒவ்வொரு சின்னத் தப்புக்கும் ஒரு மெயில், ஒரு பில். உன் லோடுமேன்களுக்கும் அந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. ஆனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் நீயே குடோன் பிடித்து ஆள் போடுவது வீண். பாதி மாதம் காலியாகக் கிடக்கும், வாடகை மட்டும் முழுசாகப் போகும்.

மாநிலத்துக்கு ஒரு டிப்போ வேண்டும் என்று உன் ஏஜென்ட் சொன்னது பழைய கணக்கு. வெளிமாநிலத்துக்கு விற்றால் விழும் மத்திய விற்பனை வரி 2 சதவீதத்தைத் தவிர்க்கத்தான் அந்தக் காலத்தில் கம்பெனிகள் மாநிலத்துக்கு மாநிலம் குடோன் வைத்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போயிற்று. கேரள எல்லையில் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதும் அதோடு போயிற்று. இப்போது கோயம்புத்தூரை ஒட்டிய சூலூர்ப் பக்கம் சரக்கு வைத்தால் ராத்திரி கிளம்பும் வண்டி விடியும்போது கொச்சியில் இருக்கும். பெங்களூருக்கு ஓசூரைப் பார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் உன் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவிலேயே கூடுதல் இடமாகச் சேர்த்துவிடலாம். கர்நாடகாவில் சரக்கு வைத்தால் அங்கே தனிப் பதிவு எடுக்க வேண்டும், சரக்கு எல்லை தாண்டும்போதே வரியும் கட்ட வேண்டும். பிறகு விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை முடங்குவது உன் பணம்.

வரி என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் மிக்சர், சேவுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் 5 ஆனது உனக்குச் சந்தோஷம். ஆனால் குடோன்காரன் பில்லில் 18 சதவீதம் வரும். விற்கும்போது வாங்குவது 5தான் என்பதால் அந்த 18 முழுசாகக் கழியாமல் தேங்கலாம். அப்படித் தேங்கினால் பணமாகத் திரும்பக் கேட்கவும் முடியாது. பொருளுக்குக் கட்டிய வரிக்குத்தான் ரீஃபண்ட், சேவைக்குக் கட்டியதற்கு இல்லை என்று விகேசி செருப்புக் கம்பெனி வழக்கில் 2021-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கொட்டேஷனை ஒப்பிடும் முன் ஆடிட்டரை உட்காரவைத்து இதைப் போட்டுப் பார்.

கூலியை எடையில் பேசுகிறானா, அளவில் பேசுகிறானா என்பதையும் கேள். உன் சேவுப் பெட்டியில் பாதி காற்று. (ஊட்டி ஏறும்போது பாக்கெட் உப்பிக்கொள்கிறதே, அதே காற்றுதான்.) எடை ஏறும் முன்னே லாரி நிரம்பிவிடும். கிலோவுக்கு இவ்வளவு என்று ஆசை காட்டிவிட்டு, பில் போடும்போது நீளம் அகலம் உயரம் அளப்பார்கள். மசாலாவும் சேவும் கலந்த ஒரு நிஜமான லோடைக் கொடுத்து அதற்கு ரேட் கேள்.

குடோனை மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார். ஷீட் கூரைக்கு அடியில் நின்றால் தெரியும், உன் எண்ணெய்ப் பண்டம் எத்தனை நாளில் சிக்கு வாடை அடிக்கும் என்று. அந்த இடத்துக்கென்று தனியாக எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் இருக்கிறதா என்று கேள். பக்கத்து அடுக்கில் ஊதுபத்தியும் சோப்பும் இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடு.

அக்ரிமென்ட்டில் இரண்டு வரியைத் தேடு. ஒன்று, பாக்கி இருந்தால் சரக்கை நிறுத்திவைக்கும் உரிமை. பில்லில் தகராறு வந்தால் தீபாவளிச் சரக்கு பூட்டுக்குள் கிடக்கும், தேதி ஓடிக்கொண்டே இருக்கும். தகராறில் உள்ள தொகைக்கு அந்த உரிமை இல்லை என்று எழுதி வாங்கு. இரண்டாவது, சரக்கு சேதமானால் எவ்வளவு தருவான் என்பது. சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி கூடுதல் ரிஸ்க் கட்டணம் தருவதாக எழுதிக் கொடுக்காவிட்டால் லாரிக்காரன் பொறுப்பு கூலியின் பத்து மடங்கோடு சரி. பெட்டிக்கு 60 ரூபாய் கூலி, உள்ளே 1,500 ரூபாய் சரக்கு என்றால் 600-க்கு மேல் கேட்க முடியாது. இன்சூரன்ஸை நீயே எடு.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் உன் ஊர் லாரியெல்லாம் சிவகாசி வெடிக்குப் போய்விடும். உனக்கும் அப்போதுதான் சீசன். அந்த இரண்டு மாதத்துக்கு இத்தனை வண்டி, இந்த ரேட் என்று இப்போதே எழுதித் தர மறுக்கிறவனிடம் மற்ற பத்து மாதத்தையும் கொடுக்காதே.

எந்த ஊரில் எந்த பேட்ச், எத்தனை பெட்டி என்ற கணக்கு தினமும் சாயங்காலம் தம்பி கையில் இருக்க வேண்டும். அவர்கள் சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பார்க்கட்டும், நீயும் வைத்திரு. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதம் அல்லது 45 நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆன்லைன் கம்பெனிகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 கடைசியில் சொல்லிவிட்டது. மூன்று மாதப் பண்டத்தில் ஒரு மாதம் குடோனில் தூங்கினால் என்ன மிஞ்சும்? முதலில் வந்ததை முதலில் அனுப்பினால் போதாது, முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். அதற்குக் கூலிக்கு வேலை செய்கிறவன் கவலைப்பட மாட்டான். என் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன தீபாவளி மாதத்து டிஸ்பாட்ச் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பு. முதலில் ஓசூரை மட்டும் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வருகிறோம், அப்போது நேரில் பேசலாம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

காராச்சேவு பார்சல் வேண்டாம், டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லிவிட்டார். மிளகு சேவு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்