‘கேஸ் முடியட்டும்’ என்று வண்டியை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘உரிமை கோரப்படாத வாகனங்கள் பொது ஏலம்’ என்று உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் அவ்வப்போது பொடி எழுத்தில் அறிவிப்பு வருகிறது. முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது ஒவ்வொரு வண்டி எண்ணையும் படிக்கிறேன். காரணம், என் சித்தப்பா மகனின் ஆம்னி வேன்.

சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவன் அவன். ஊடை நூல் மூட்டை ஏற்றவும், நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போடவும் பழைய ஆம்னி ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ராத்திரி வண்டி ஒரு பைக்கில் உரசி, அதில் வந்தவருக்குக் காலில் அடி. வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்டிருக்கிறான். “கேஸ் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்று அங்கே யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். நான் கேட்டபோதும், “விடுங்கண்ணா, எங்க போயிருது, ஸ்டேஷன்லதான நிக்குது” என்றான். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

நடுவில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மதிலோரப் புளியமரத்தடியில் நின்றது. நான்கு டயரும் தரையோடு அமுங்கிக் கிடந்தன. பேட்டரியைக் காணோம். கதவிடுக்கு வழியாக வேலிக்கருவேலங்கன்று ஒன்று உள்ளே தலைநீட்டியிருந்தது. முன்கண்ணாடியில் அவன் மகள் ஒட்டிய மருதமலை முருகன் படம் மட்டும் நிறம் வெளுத்து அப்படியே இருந்தது. அடுத்த முறை அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது வண்டியே இல்லை. கோர்ட் உத்தரவின்படி ஏலம் போய்விட்டதாம். அறிவிப்பு அனுப்பவில்லையா என்றால், அனுப்பியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த முகவரிக்கு. அது வண்டியை விற்ற தாராபுரத்துக்காரரின் பழைய வீடு. அவர் அங்கிருந்து காலிசெய்து வருஷக்கணக்காகிறது.

உண்மையில் கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப்போட்டு, பாண்டு எழுதிக் கொடுத்து, ஜாமீன் காட்டி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் நிறுத்தி வைப்பதில் பயனில்லை, உரியவரிடம் சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. யாரும் கேட்டு வராத வண்டியை ஏலம் விடலாம் என்றதும் அதே தீர்ப்புதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதே வழியில்தான் போகிறது. உரியவர் யாரென்று தெரியாவிட்டால், 6 மாதத்துக்குள் வந்து உரிமை கோரும்படி மாஜிஸ்திரேட் பிரகடனம் வெளியிடலாம். அதற்குள் யாரும் வந்து நிரூபிக்காவிட்டால் பொருளை அரசு விற்றுவிடலாம். இவனுக்கு இன்சூரன்ஸாவது இருந்தது. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் கெடு இன்னும் குறைவு. 3 மாதத்தில் ஏலம் விட்டு, பணத்தை அடிபட்டவர்களுக்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டும்படி விதி கொண்டுவரச் சொல்லி 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான்.

பழைய வண்டி வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டுகிறோம். விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றாவிட்டால் அறிவிப்பு உங்கள் கைக்கு வராது. விற்றவருக்கும் நிம்மதி இல்லை. விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஃபைனான்ஸில் வாங்கியவர் நிலைமை இன்னும் மோசம். வண்டி ஏலம் போய்விட்டது என்பதற்காகத் தவணை நின்றுவிடாது.

காவல்துறையிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வண்டியைப் பிடிக்கும் அன்றே தமிழில் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். எந்தக் கோர்ட், என்னென்ன தாள் வேண்டும், எத்தனை நாளுக்குள் வர வேண்டும், இவ்வளவு போதும். ஏலத்துக்குப் போகும் வண்டிகளின் எண்களை ஸ்டேஷன் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருந்தாலும், வண்டியை ஓட்டுகிறவன் தன் நம்பரைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த ஏல அறிவிப்பு வரும்போது, வண்டி எண்களோடு உள்ளூர்ப் பக்கத்தில் செய்தியாகவும் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தில்.

இப்படிக்கு,
வாசகர், பல்லடம்