பில்லைத் திருப்பி அனுப்பும் கணக்குப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எங்களைப் போன்றவர்களின் பில்லைப் பார்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வாஷிங் மெஷின் கையேடு, செயலியில் எட்டிப் பார்க்கும் ‘மீண்டும் முயலவும்’, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள், இதெல்லாம் என் மாதிரி ஆட்கள் எழுதுவதுதான். உங்களை நான் பார்த்ததில்லை. வேலை கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு. பணம் வரும் பாதையில் கடைசிக் கதவு உங்களுடையது. அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு பில்லின் கதையைச் சொல்கிறேன். எண் 2023-24/31, தேதி 14.2.2024. வேலையை 12ஆம் தேதியே கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 24,000 சொல், சொல்லுக்கு 1.60 ரூபாய், ஆக 38,400. என் பெயர், முகவரி, பான், உத்யம் எண் (குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்ததற்கான எண்), வங்கிக் கணக்கு, அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண், தொகை எழுத்தாலும் எண்ணாலும், எல்லாம் இருந்தது. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜிஎஸ்டி விதி 46, பதிவு செய்தவர்களின் பில்லுக்குத்தான் பொருந்தும். நான் பதிவு செய்யவில்லை. ஆனாலும் அந்த விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என் பில்லை அமைத்தேன். வரிசை எண் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக் கூடாது என்பதெல்லாம் அதில் கற்றுக்கொண்டதுதான்.

ஒரு வாரத்தில் முதல் மெயில் வந்தது. ‘ஜிஎஸ்டி எண் இல்லை. நீங்கள் தமிழ்நாடு, நாங்கள் கர்நாடகா. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் பதிவு கட்டாயம்.’

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று வந்த அறிவிக்கை எண் 10/2017, வெளிமாநிலத்துக்குச் சேவை தருபவர்களுக்கும் ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று சொல்லிவிட்டது. சில சிறப்பு மாநிலங்களில் மட்டும் அந்த வரம்பு 10 லட்சம். மூன்றரை மாதம் மட்டுமே உயிரோடிருந்த ஒரு கட்டாயத்தை ஏழாவது ஆண்டிலும் உங்கள் செக்லிஸ்ட் சுமந்துகொண்டிருக்கிறது. அறிவிக்கையை இணைத்து அனுப்பினேன். பதில் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியும் திரும்ப வரவில்லை.

(இன்னோர் இடத்தில், ‘தெரிந்தவர் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதில் போட்டு அனுப்பிவிடுங்களேன்’ என்று நல்ல மனதோடுதான் யோசனை சொன்னார்கள். அடுத்தவர் பதிவு எண்ணில் பில் போடுவது ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 122இன்படி அபராதத்துக்குரிய குற்றம். பதிவில்லாத நான் பில்லில் 18% சேர்த்து வசூலிப்பதும் கூடாது, பிரிவு 32. சட்டப்படி பில் வேண்டும் என்று கேட்டவர்கள் சொன்ன வழி இது.)

இரண்டாவது மெயில்: ‘சீல் இல்லை, ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை.’ சீல் என்ற சொல்லே விதி 46இல் கிடையாது, கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. ஸ்டாம்ப் கதை இன்னும் வேடிக்கை. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுக்கு ஒட்டுவது. பில் என்பது இன்னும் வராத பணத்தைக் கேட்கும் காகிதம். அதில் ஸ்டாம்ப் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டால், வராத பணத்தை வாங்கிவிட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆனாலும் வாதாடப் பொறுமையில்லை. தபால் நிலையத்துக்குப் போனேன், ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது என்றார்கள். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஐந்து ரூபாய்க்கு வாங்கி, ஒட்டி, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

மூன்றாவது மெயில் மார்ச் 11. வெண்டார் ஃபார்ம், அதாவது என்னைப் பற்றிய விவரப் படிவம், நிரப்ப வேண்டுமாம். வேலையை முடித்து நான்கு வாரம் ஆன பிறகு!

நான்காவதுதான் முக்கியம். மார்ச் 27 அன்று வந்தது. ‘இயர் எண்ட் குளோசிங் என்பதால் ஏப்ரல் தேதியிட்டுப் புதிய பில் அனுப்பவும்.’ பார்ப்பதற்குச் சாதுவான வரி. என் ஆடிட்டரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு நாட்காட்டியைத் திருப்பினார். பிப்ரவரி 12இலிருந்து 45ஆவது நாள் மார்ச் 28.

2006இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். உங்கள் ஆர்டரில் ‘பில் கிடைத்து 60 நாள்’ என்று அச்சடித்திருந்தாலும் 45தான். 2023-24 நிதியாண்டிலிருந்து 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு வேறு சேர்ந்துகொண்டது. கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். பில்லில் ஏப்ரல் தேதி இருந்தால் கெடு தாண்டியதே வெளியே தெரியாது. ஆக, ஏப்ரல் தேதி கேட்டது குளோசிங்குக்காக என்றால் நான் நம்ப வேண்டுமா?

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நாள் கணக்கு பில் தேதியிலிருந்து ஓடுவதே இல்லை. வேலையைக் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. அதை நிறுத்தி வைக்க வேண்டுமானால், வேலையில் குறை இருக்கிறது என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறு என்று யாரும் எழுதவில்லை. சீல் இல்லை, ஸ்டாம்ப் இல்லை என்பது வேலையின் மீதான ஆட்சேபம் ஆகாது. பில்லை எத்தனை முறை திருப்பினாலும் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போகாது.

தேதியை நான் மாற்றவில்லை. மாற்றினால் என் பக்கம் 31ஆம் எண்ணில் ஓட்டை விழும், பிப்ரவரி வருமானம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அதற்குள் அவர்கள் மார்ச் கணக்கிலேயே டிடிஎஸ் (பணம் தருமுன்பே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டியிருந்தால், என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் ஒன்று சொல்லும், பில் இன்னொன்று சொல்லும். நோட்டீஸ் வருவது எனக்கு. பணம் ஜூன் 6 அன்று வந்தது, 10% டிடிஎஸ் போக 34,560. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். அப்போது விகிதம் 6.75%, ஆக 20.25%, மாதா மாதம் கூட்டு வட்டி. கணக்குப் போட்டால் சுமார் 1,500 ரூபாய். கேட்கவில்லை. அடுத்த வேலை வேண்டுமே என்றுதான். அடுத்த வேலையும் வரவில்லை, அது வேறு கதை.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மேலே இருப்பவர் ‘பேமென்ட்டைக் கொஞ்சம் தள்ளுங்க’ என்று சொன்னால், சீல் இல்லை என்று மெயில் எழுதும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது என்று தெரியும். ஆனால் அப்படித் தள்ளும்போது சட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘இந்த மாதம் பணம் இல்லை, அடுத்த மாதம் தருகிறோம்’ என்று எழுதினால் நான் வீட்டு வாடகைக்கு வேறு வழி பார்ப்பேன், ஸ்டாம்ப் தேடி அலைய மாட்டேன்.

வெண்டார் ஃபார்மையும் உங்களுக்கு வேண்டிய பில் மாதிரியையும் ஆர்டரோடு சேர்த்தே அனுப்புங்கள். பில்லில் உண்மையிலேயே பிழை இருந்தால், அத்தனையையும் ஒரே மெயிலில் சொல்லிவிடுங்கள். அன்று மாலைக்குள் திருத்தித் தருவேன். தேதியை மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்

பி.கு.: 31ஆம் எண் பில்லில் பிடித்த 3,840 ரூபாய் வரிக்கான சான்றிதழ், படிவம் 16ஏ, இன்னும் வரவில்லை. அதற்கு ஸ்டாம்ப் வேண்டாம், சீலும் வேண்டாம். பிடிஎஃப்பாக அனுப்பினால் போதும்.