கறுப்புப் பந்தின் முன் இறுகும் கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேசை மீது குச்சியால் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் பூல் (pool) ஆட்டத்தில் தம் ஏழு பந்துகளையும் தடுமாறாமல் குழிக்குள் தள்ளிவிட்டு, வெற்றிக்குக் கடைசியாகத் தள்ள வேண்டிய, குழிக்கு ஒரு சாண் தொலைவில் நிற்கும் எட்டாம் எண் கறுப்புப் பந்தைத் தவறவிடும் இளைஞர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். சுற்றி நிற்பவர்கள் உடனே 'பயப்படாமல் அடி' என்பார்கள். அந்த அறிவுரையால் பயனில்லை என்பதே என் கருத்து.

பூலுக்கு நெருங்கிய உறவான ஸ்னூக்கரில், 1985ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகரின் குருசிபிள் அரங்கில் நடந்த உலக இறுதிப் போட்டியை இங்கே நினைவுகூரலாம். அதற்குள் மூன்று முறை உலகப் பட்டம் வென்றிருந்த ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு ஃபிரேம்களையும் (போட்டிக்குள் வரும் தனித்தனி ஆட்டங்களையும்) கைப்பற்ற, டென்னிஸ் டெய்லர் விடாமல் ஆடி 17-17 என்று சமன் செய்தார். கடைசி ஃபிரேமில் டேவிஸ் 62-59 என்று முன்னிலையில் இருந்தபோது, ஏழு புள்ளி தரும் கறுப்புப் பந்து மட்டுமே மேசையில் மிஞ்சியது. நள்ளிரவு கடந்தும் பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்க, இருவருமே அதைத் தவறவிட்டார்கள். டேவிஸ் ஓரத்தில் படும்படி அடித்துத் திருப்ப வேண்டிய அதை அளவுக்கு மீறி ஓரத்தில் அடித்துவிட்டார்; பிறகே டெய்லர் அதைக் குழியில் போட்டு வென்றார். அவர்களுக்கே வந்த அச்சம், 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வராமலா இருக்கும்?

பந்து அசையாமல் காத்திருப்பதால் இந்த ஆட்டத்தில் யோசிக்க அவகாசம் மிகுதி, தொல்லையும் அதுதான். பதற்றத்தில் பின்கை குச்சியை இறுக்குகிறது, குச்சியைப் பின்னுக்கு இழுக்கும் தூரம் குறுகி அடி அவசரப்படுகிறது, பந்து விழுந்ததா என்று பார்க்கும் ஆவலில் தலை முன்கூட்டியே எழுந்துவிடுகிறது. ஆகவே மனத்தை அதட்டுவதைவிட உடலுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுப்பதே பலன் தரும். குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து அடிக்குப் பின் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு விசை வேண்டும் என்பதை நின்றபடியே தீர்மானிக்க வேண்டும். குனிந்த பின் ஐயம் எழுந்தால் கூச்சமின்றி நிமிர்ந்து, குச்சி முனை வழுக்காமலிருக்கத் தடவும் சாக் (chalk) பொடியை மீண்டும் தடவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பந்துக்கு, அடிக்கும் முன் மூன்று முறை குச்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பவர் கடைசிப் பந்துக்கும் மூன்று முறையே ஓட்ட வேண்டும். ஏழெட்டு முறை ஓட்டுவதைப் பலர் நிதானம் என்று தவறாக எண்ணுகிறார்கள்.

பயிற்சியாளர்கள் ஒவ்வொரு நாள் முடிவிலும் கறுப்புப் பந்தை மட்டும் வைத்து, மாணவருக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்து, தவறினாலும் மறுவாய்ப்பின்றி வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் அந்த நேரத்தில் வாய் திறக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.