பட்டத்தைக் கேட்கிறீர்கள், படித்துப் பார்ப்பதில்லை

தமிழ்நாட்டில் பட்டதாரிகளைப் பணிக்கு எடுக்கும் நிறுவனங்களின் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருகிறேன். கடைசி ஒன்பது ஆண்டுகளாகக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவும் என் பொறுப்பில் இருப்பதால், உங்களில் பலரை ஆண்டுதோறும் நேரில் சந்திக்கிறேன். பட்டப்படிப்பால் இனிப் பயன் உண்டா என்ற கேள்வியை மாணவர் சேர்க்கை நாளில் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள்; தொழில்துறைக் கூட்டங்களில் நீங்களும் அதையே கேட்கிறீர்கள். பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டிய விடையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனம் ஒன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு இருக்க வேண்டும், அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. எங்கள் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் பட்டப்படிப்பில் 74 விழுக்காடு வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் எடுத்தது 57. பீடி சுற்றும் வீட்டின் மூத்த பெண் அவர். அம்மா படுக்கையில் விழுந்த அந்த ஆண்டில் தட்டும் இலையும் தூளும் அவர் மடிக்கு வந்துவிட்டன. தேர்வுக்கு முந்திய இரவுகளிலும் கட்டுக்கணக்கை முடித்துவிட்டுத்தான் அவர் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லாததால் தேர்வு அறை வாசலில் அவரைத் திருப்பி அனுப்பியவன் நானே. “அப்போ இந்த மூணு வருஷம் கணக்கிலயே வராதா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

நாற்பது இடங்களுக்கு மூவாயிரம் பேர் வரும்போது ஏதோ ஒரு சல்லடை வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சல்லடை எதைச் சலிக்கிறது என்பதை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? பதினைந்து வயதில் ஒரு பிள்ளையின் வீட்டில் படிக்க விளக்கும் இடமும் நேரமும் இருந்தனவா என்பதைத்தான் அது பெரும்பாலும் அளக்கிறது. சல்லடையைத் தாண்டி உள்ளே வருபவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் வினாத்தாளில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களும், மூன்று குழாய்களால் நிரம்பும் ஒரு தொட்டியும் இருக்கின்றன. ஆறு செமஸ்டர்களில் நாங்கள் கற்பித்த எதிலிருந்தும் ஒரு வினாகூட அதில் இருப்பதில்லை. பிறகு நடக்கும் நேர்காணலில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறீர்கள். பட்டம் இல்லாதவர் உள்ளே வர முடியாது. உள்ளே வந்தபின் அந்தப் பட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார் இல்லை. அதற்குப் பின்னும் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று நீங்கள் சொன்னால், அந்த மதிப்பின்மையில் உங்கள் பங்கும் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்பறைகளுக்கு இந்தப் பட்டம் எதுவாக இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட இந்த விகிதம் ஓர் இரவில் வந்ததல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் கொடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது; அந்தத் தொகைக்காகவே மகளை மூன்றாண்டு கல்லூரிக்கு அனுப்பிய தகப்பன்மாரை நான் அறிவேன். 2022இல் அத்திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு என்று ஆனது சிறிய மாற்றமன்று. திருமணம் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போவதும், ஊரைவிட்டு வெளியே பேருந்தில் தனியாகப் போய்வருவதும், வங்கியில் தன் பெயரில் கணக்கு இருப்பதும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்பதைச் சம்பளச் சீட்டை வைத்து அளக்க முடியாது. ஆகவே பட்டத்தால் பயனில்லை என்ற பேச்சை இந்தக் குடும்பங்களின் முன் அவ்வளவு எளிதாகப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுப் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்காது.

இப்படிச் சொல்வதால், படித்தவர்களின் நிலைமை நன்றாக இருக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு என்றும் கூறுகிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, படிக்காமல் இருப்பதே மேல் என்று முடிவு கட்டுவது தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலையில்லாமல் ஒரு வாரம்கூட உட்கார்ந்திருக்க முடியாது; கிடைத்த கூலிக்குப் போகிறார், கணக்கில் வேலையில் இருப்பவர் ஆகிறார். பட்டதாரியோ காத்திருக்கிறார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை 2024 ஜூனில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு காட்டியது. அறிவிப்பின்போது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற அந்தத் தேர்வை என் முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வருவதில்லை, அவர்களில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் உண்டு.

இந்த நெருக்கடியின் மறுபக்கம் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்சாப் நேஷனல் வங்கியில் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. பட்டத்தை மறைத்து அந்த வேலைக்குத் தேர்வான ஒருவரை வங்கி நிராகரித்தது செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி தெரிந்தே மறைத்தது பிழை என்ற தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாண்டு படித்து வாங்கிய சான்றிதழை ஒருவர் பெட்டியில் ஒளித்து வைக்கும் நிலை எப்படி வந்தது என்பதை வேலை கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும் என்கிறேன். தரவு உள்ளீட்டுக்கும், வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை எடுப்பதற்கும், கிடங்கில் சரக்குக் கணக்கு வைப்பதற்கும் ஏதேனும் ஒரு பட்டம் என்று விளம்பரம் செய்கிறீர்கள். முன்பு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் செம்மையாகச் செய்துவந்த வேலைகள் இவை. வேலை மாறியதால் பட்டம் கேட்கவில்லை. பட்டதாரிகள் மலிவாகக் கிடைப்பதால் கேட்கிறீர்கள். மென்பொருள் நிறுவனங்களின் தொடக்கநிலைச் சம்பளம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதும் இதே காரணத்தால்தான்.

எங்கள் பக்கத்துத் தவறுகளை மறைத்துவிட்டு உங்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அக மதிப்பீட்டுக்கு உரிய 25 மதிப்பெண்ணைப் பெரும்பாலும் எல்லாருக்கும் இருபதுக்கு மேல் அள்ளிக் கொடுக்கிறோம். ரெக்கார்டு நோட்டு ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குக் கைமாறுகிறது. பிராஜெக்ட் அறிக்கை கல்லூரி எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் விலைக்குக் கிடைக்கிறது, அதில் கையெழுத்துப் போடுபவர்கள் நாங்கள். ஐந்தாண்டு வினாத்தாள்களை மனப்பாடம் செய்தவர் 75 விழுக்காடும், சோதனைக்கூடத்தில் கை தேர்ந்தவர் 52 விழுக்காடும் வாங்கும் முறையை நாங்களே நடத்துகிறோம். மதிப்பெண் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. நம்ப முடியாத அதே எண்ணை வைத்து ஏன் வாசலில் ஆளை நிறுத்துகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு வேறு வழி உண்டு என்பதை எனக்குக் காட்டியது பெரிய நிறுவனம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்தும் ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். விழுக்காடு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கேன்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பதினான்கு மாணவர்களையும் எங்கள் ஆய்வகத்திலேயே நிறுத்தி, இந்தத் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ. கரைசலை நிரப்பி, குடுவையில் நிறங்காட்டியைச் சேர்த்து, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் துளியில் நிறுத்த வேண்டும். இரண்டாம் ஆண்டில் எல்லாரும் செய்த சோதனைதான். பலர் ஒருமுறை செய்து விடையை எழுதிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் முதல் இரண்டு அளவுகளும் ஒத்துவராததால் மூன்றாவது முறையும் நான்காவது முறையும் செய்தான். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி நின்றிருந்ததை அவனே கண்டுபிடித்து, முதல் அளவை அடித்துவிட்டு, அடித்ததற்கான காரணத்தையும் பக்கத்தில் எழுதிவைத்தான். வந்தவர் அவனையும் இன்னொரு மாணவியையும் எடுத்துக்கொண்டார். அவனுடைய பட்ட விழுக்காடு 54. இன்று அந்தக் கூடத்தில் பரிசோதனை அறிக்கைகளில் கையெழுத்திடும் நிலைக்கு அவன் வந்துவிட்டான். அந்த ஒரு காலையில் அவர் எங்கள் பட்டத்தைப் படித்துப் பார்த்தார் என்று நான் சொல்வேன். அதற்கு அவருக்குச் செலவானது மூன்று மணி நேரம்.

பட்டமே வேண்டாம் என்ற பாதையையும் நான் மதிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே பயிற்றுவித்து வேலையில் அமர்த்தும் முறையை ஜோஹோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளும் அதனால் பயன்பெற்றிருக்கிறார்கள். தான் நம்புவதற்குத் தானே பணம் செலவழிக்கும் நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஒரு நிறுவனம் தந்த பயிற்சிக்கு அந்த நிறுவனத்தின் மதிலுக்குள் இருக்கும் மதிப்பு, வெளியே எப்போதும் இருப்பதில்லை. அந்த வேலை போனால், பதினெட்டு வயதில் உள்ளே போனவர் முப்பது வயதில் பட்டம் இல்லாமல் வங்கித் தேர்வுக்கோ, பி.எட். படிப்புக்கோ, குரூப் 2 தேர்வுக்கோ விண்ணப்பிக்க முடியாது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் என்பது இன்னொரு கதவைத் தட்டும் உரிமை. உங்களில் எல்லாரும் பட்டம் கேட்பதை நிறுத்தும் வரையில், அந்த உரிமையை விட்டுக்கொடு என்று என் மாணவர்களிடம் நான் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு விழுக்காட்டை நிபந்தனையிலிருந்து நீக்கிவிடுங்கள். பட்டம் முடித்த ஒருவரிடம் பதினைந்து வயதின் கணக்கைக் கேட்பதற்கு நியாயம் இல்லை. பட்டம் தேவைப்படாத வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். பட்டதாரியும் வரட்டும், ஆனால் வேலைக்கு வேண்டிய தகுதி எது என்பது வெளிப்படையாக இருக்கட்டும். பட்டம் தேவைப்படும் வேலைக்கு, அந்தப் பாடத்தில் அரை மணி நேரமாவது கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு உங்களிடம் ஆள் இல்லையென்றால் உங்கள் ஆலையில் வேலை செய்யும் வேதியியலாளர் ஒருவரை அனுப்புங்கள்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961இல் வந்தது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் விதித்திருத்தம் சொல்கிறது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதற்காகவே இயங்குகிறது. இருந்தும் எங்கள் பி.எஸ்சி. மாணவர்களைப் பழகுநராகக் கேட்டு, இந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு வந்த கடிதங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஓராண்டு அருகில் வைத்துப் பார்த்தால் ஒருவரைப் பற்றி எந்த மதிப்பெண் சான்றிதழும் சொல்லாததை நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அவரும் உங்கள் துறையைத் தெரிந்துகொள்வார்.

எங்கள் பங்குக்கு, இந்த ஆண்டு முதல் என் துறையில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வகத்தில் தாமே செய்த பத்துச் சோதனைகளை, தவறிய அளவுகளோடும் தேதியோடும் தனி ஏட்டில் எழுதி வருகிறார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத ஏட்டை நான் ஏற்பதில்லை. ஜனவரியில் வளாக நேர்காணல்கள் தொடங்கும். அப்போது வருபவர்கள் கருத்தரங்கக் கூடத்துக்குப் போகும் முன் மாடியில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, அந்த ஏடுகளில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதை எழுதியவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். தண்ணீர்க் கேனை நீங்கள் கொண்டுவந்தாலும் சரி, நாங்களே வைத்திருந்தாலும் சரி.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்