ஏழு நாள் கட்டிப் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஸ்மார்ட்வாட்ச் மதிப்புரையைப் படித்தேன். திரையின் வெளிச்சம், எடை, தொடுதலுக்கு அது காட்டும் வேகம் எல்லாவற்றையும் எழுதியவர் அக்கறையோடு பார்த்திருக்கிறார். ஆனால் முடிவில் 'ஏழு நாள் பயன்படுத்திய அளவில்' என்று ஒரு தொடர் இருந்தது. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தத் தொடர்தான்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். தராசோ வெப்பமானியோ அழுத்தமானியோ, புதிதில் சரியாகக் காட்டுவதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு ஆண்டு உழைத்த பிறகு எவ்வளவு விலகியிருக்கிறது என்றுதான் பார்ப்போம். அந்தப் பழக்கம் போகவில்லை. செல்பேசியோடு இணைத்து எல்லோரும் கட்டுகிற சாதாரண வகை ஸ்மார்ட்வாட்ச் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு முழுச் சார்ஜோடு கட்டுவேன். இரவு பத்து மணிக்கு மீதம் எத்தனை சதவீதம் என்று எழுதுவேன். முப்பது மாதம் ஆகிறது.

முதல் மாதத்தில் இரவு பத்து மணிக்குச் சராசரியாக 38 சதவீதம் மிச்சம் இருந்தது. இப்போது 9. நடை அதிகமான நாளில் எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது. என் பயன்பாடு மாறவில்லை. அதே அறிவிப்புகள், அதே அரைமணி நேர நடை.

இந்த எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கோடு பெரும்பாலும் சரிவாக இறங்குகிறது; ஓரிடத்தில் மட்டும் படிக்கட்டு போல விழுகிறது. சரிவுக்குக் காரணம் பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி எதுவானாலும் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது சிறிது சிறிதாகக் கொள்ளளவை இழக்கும். விழுந்த இடம் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்த வாரம். 27 இருந்தது 19 ஆயிற்று, பிறகு மேலே ஏறவே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட மாதக்கணக்கான பதிவு வேண்டும். ஏழு நாளில் சரிவும் தெரியாது, படியும் தெரியாது.

கடிகாரத்தில் இது செல்பேசியைவிடக் கடுமையாக உறைப்பதற்குக் காரணம் அளவுதான். இன்றைய செல்பேசியின் பேட்டரி பெரும்பாலும் நாலாயிரம், ஐயாயிரம் மில்லி ஆம்பியர் மணி. கடிகாரத்துக்குள் சில நூறுதான் அடங்கும். 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு 18 மணி நேரம் என்றார்கள். 2024இல் வந்த பத்தாவது வரிசைக்கும் சாதாரணப் பயன்பாட்டில் அதே 18 மணி நேரம்தான். ஒரு நாளுக்கு மட்டும் போதுமான கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு போனால், அந்த நாளின் மாலை போய்விடுகிறது. பேட்டரியின் முழுக் கொள்ளளவு ஒரு முறை செலவாவது ஒரு சுற்று; ஆயிரம் முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதம் வரை கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. தினம் முக்கால் சுற்று செலவாகிறவருக்கு அது மூன்றரை ஆண்டுக் கணக்கு.

மாலை போனால் என்ன என்று கேட்கலாம். என் தாயாருக்கு 78 வயது. விழுந்தால் தானாகவே தகவல் அனுப்பும் வசதிக்காகத்தான் அவருக்கும் அதே வகையை வாங்கிக் கொடுத்தேன். அப்போது நான் படித்த மதிப்புரையில், குளிக்கப் போகும்போது ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் போதும் என்றிருந்தது. முதல் ஆண்டு அது உண்மை. மூன்றாம் ஆண்டில் இரவிலும் கழற்றிச் சார்ஜில் வைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு இரவில்தான் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். கடிகாரம் மேசைமேல் பச்சைச் சின்னம் காட்டிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அவர் குரல் எனக்குக் கேட்க நெடுநேரம் ஆயிற்று. மதிப்புரை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது முதல் வாரத்தின் உண்மை என்பது எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

நாடித் துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்த ஓட்டத்துக்கேற்பத் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது, கழுத்தில் விரல் வைத்து நான் எண்ணியதற்கும் அது காட்டியதற்கும் ஒன்றிரண்டுக்கு மேல் வேறுபாடு வந்ததில்லை. ஒரு நாள் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது 118 காட்டியது. உடனே நின்று எண்ணினேன்: 92. மறுபடி நடந்து காலடிகளை எண்ணினேன், நிமிடத்துக்கு 118. இதயத்தை விட்டுவிட்டு என் நடையை எண்ணியிருக்கிறது! வார் தளர்ந்திருந்தால் இப்படி நேர்வதுண்டு. வாங்கியபோது இந்த வார் மூன்றாம் துளையில் இறுக்கமாக நின்றது. ஒன்றரை ஆண்டில் அதே துளையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நெகிழ்ந்துவிட்டது. துளை மாற்றினேன், அளவு சரியாயிற்று.

தண்ணீர் விஷயமும் இதே கதைதான். 50 மீட்டர் என்ற குறியீடு புதிய கடிகாரத்துக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் அழுத்தத்தைக் குறிப்பது. நீர்காப்பு நிரந்தரம் அல்ல, சோப்பும் அதைக் கெடுக்கும் என்று நிறுவனங்களே குறிப்புகளில் எழுதுகின்றன. இருபத்தாறாம் மாதத்தில் ஒரு காலை, என் கடிகாரக் கண்ணாடியின் உட்பக்கம் ஓரத்தில் கடுகளவு பனி படிந்திருந்தது. மதியத்துக்குள் மறைந்தது. அன்றிலிருந்து அதை நனையவிடுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் செல்பேசிகளுக்கு ஒரு விதி நடப்பில் இருக்கிறது. 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். டேப்லெட்டுகளுக்கும் அது பொருந்தும். கைக்கடிகாரங்கள் அதற்குள் வரவில்லை. சட்டம் கேட்காத இடத்தில் பத்திரிகையாவது கேட்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்புரைக்கு வரும் கடிகாரங்களில் ஆண்டுக்கு ஒன்றையாவது திருப்பிக் கொடுக்காமல், விலைக்கே வாங்கியாவது, ஒருவர் கையில் விட்டுவையுங்கள். ஆறாம் மாதம் ஒரு பத்தி, ஓராண்டில் ஒரு பத்தி, இரண்டாம் ஆண்டில் ஒரு முழுக் கட்டுரை வரட்டும். செல்பேசியை மாற்றினால் கடிகாரம் என்னவாகும் என்பதையும் அதில் எழுதட்டும். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குப் போகிறவரிடம் ஆப்பிள் வாட்ச் பயனற்றுப் போகிறது என்பது வாங்கும் நாளில் பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரியை மாற்றித் தருவார்களா, எத்தனை நாளாகும் என்பதையும் கேட்டு எழுதட்டும். என் குறிப்பேட்டின் நகல் வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் இதே பக்கத்தில் இதே எழுத்தாளர் வேறொரு கடிகாரத்தை மனமாரப் பாராட்டியிருந்தார். அது இன்னும் அவர் மணிக்கட்டில் இருக்கிறதா, இரவு பத்து மணிக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவிச் சரிபார்ப்பாளர்