அளவுக் குவளையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியவருக்கு

அன்புடையீர்,

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. நடந்தவற்றை உங்களில் பெரும்பாலோர் உடனிருந்தே அறிவீர்கள் என்பதால் அவற்றை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் வந்த கைநடுக்கம் இன்னும் குறையாததால் எழுத்து கோணலாகவே விழுகிறது. ஆயினும், நாள் போனால் நன்றியும் சம்பிரதாயமாகிவிடுமோ என்ற அச்சத்தில் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில், எனக்குச் சிறுநீரகம் தந்தவரின் குடும்பத்தினருக்கு. நீங்கள் யார் என்பது எனக்குச் சொல்லப்படவில்லை. நான் யார் என்பது உங்களுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்து எல்லோரும் எழுந்து நின்ற அந்த இரவில், உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நினைக்காமல் என்னால் ஒரு நாளும் உறங்க முடியவில்லை. மூளைச்சாவு என்ற சொல்லைக் கேட்ட சில மணி நேரத்துக்குள், முன்பின் அறியாத ஒருவருக்காக நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதற்கு ‘நன்றி’ என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் கிடைக்கும்வரை இதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதற்கு இன்னொருவரும் காரணம். மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் சிலருக்கு அறுவை மேசையிலேயே சிறுநீரைப் பிரிக்கத் தொடங்கிவிடும். எனக்கு அப்படி நடக்கவில்லை. இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகம் இரத்த ஓட்டமின்றிக் குளிர்ந்த திரவத்தில் பல மணி நேரம் இருக்க நேர்வதால் அதன் நுண்குழாய்களில் உள்ள செல்கள் அடிபட்டுப்போகக்கூடும் என்றும், அவை தேறிவர நாட்களோ வாரங்களோ ஆகலாம் என்றும், அதுவரை டயாலிசிஸ் தொடரும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விளக்கம் புரிந்தது, மனம்தான் கேட்கவில்லை. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று எந்த இயந்திரத்திடமிருந்து தப்பிவிட்டதாக எண்ணினேனோ, அதே இயந்திரத்துடன் அறுவை முடிந்த மூன்றாம் நாள் என்னை மறுபடியும் இணைத்தபோது, யாரிடமும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் இரவுப் பணிக்கு வந்த உதவியாளர் ஒரு பெண்மணி. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைத் தவிர அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நான் அவரை ‘அம்மா’ என்றேன், அவர் என்னைத் ‘தம்பி’ என்றார், பெயர் கேட்கத் தோன்றவே இல்லை. என் சிறுநீரை அளந்து குறிப்பேட்டில் எழுத உதவுவது அவருடைய வேலைகளில் ஒன்று. பையிலிருந்து குவளையில் ஊற்றி, எண்ணைச் சொல்லிவிட்டுக் கொட்டிவிட்டாலே அவர் கடமை முடிந்துவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. குவளையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, கோட்டுக்கு நேராகத் தம் கண்ணைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, என் கட்டிலருகே வந்து எனக்கும் காட்டுவார்.

“தம்பி, நேத்து 60 இருந்துச்சு. இன்னிக்கு 75. பதினஞ்சு கூடியிருக்கு, பாருங்க.”

ஒரு நாள் முழுவதற்கும் 75 மில்லி என்பது மருத்துவக் கணக்கில் அநேகமாக ஒன்றுமே இல்லை என்பதும், அந்த 15 மில்லி உயர்வைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் இரவு வரும்வரை நான் காத்திருந்தேன். மறுநாள் அளவு குறைந்தது. அன்று அவர் குவளையைக் காட்டாமல் போய்விடுவார் என்றே எதிர்பார்த்தேன். அதே போல வெளிச்சத்தில் பிடித்து, அதே கவனத்தோடு பார்த்து, “இன்னிக்கு 50தான் தம்பி. நாளைக்குப் பார்ப்போம்” என்றார். நான் அவரை முழுமையாக நம்பத் தொடங்கியது அந்த இரவில்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று அன்போடு சொன்ன உங்கள் எவருடைய வார்த்தையையும் நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், எனக்காக ஒருவர் உள்ளதை உள்ளபடி அளந்து, குறைந்தாலும் மறைக்காமல், நாளையும் அளக்கலாம் என்று சொன்னபோது, எனக்கு ஒரு நாளை இருப்பதாகத் தோன்றியது.

பத்தாம் நாள் இரவு 90 என்று காட்டினார். அதன்பின் அவர் வரவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பதினோராம் நாள் மாலைக்குள் 600 மில்லியைத் தாண்டியது. பதின்மூன்றாம் நாள் இரண்டு லிட்டர். செவிலியர் கைதட்டினார், என் மனைவி கண்ணாடிக்கு அப்பால் நின்று அழுதார், நான் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொற்று அச்சத்தால் அறையை விட்டு வெளியேறித் தேடவும் அனுமதி இல்லை. இந்தச் சிறுநீரகம் விழித்துக்கொண்டது என்ற செய்தி, அதை ஒவ்வோர் இரவும் எதிர்பார்த்தவருக்கு இன்னும் தெரியாது.

அறுவை செய்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், உறுப்பை நேரத்துக்குக் கொண்டுசேர்த்த ஓட்டுநருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், டயாலிசிஸ் அறையில் என் பக்கத்துப் படுக்கைகளில் இருந்து என்னை வழியனுப்பிய நண்பர்களுக்கும், என் வேலையைத் தங்கள் வேலையோடு சேர்த்துச் சுமந்த அலுவலகத் தோழர்களுக்கும், தனித்தனியே எழுத வேண்டிய கடன் பாக்கி இருக்கிறது. என் மனைவிக்கு எழுதப் போவதில்லை, பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். அதனால் பெற்றவரின் உடல் அந்த உறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. என் உடலோ இந்தச் சிறுநீரகத்தை என்றைக்கும் அந்நியமாகவே அறியும். ஜப்பானில் 1984இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த அந்த டாக்ரோலிமஸ்தான் அந்தப் பகையை இப்போது அடக்கி வைத்திருக்கிறது. ஆகவே காலை எட்டு மணி, இரவு எட்டு மணி என்ற இரண்டு வேளைகளையும் உயிருள்ளவரை தவறவிட மாட்டேன் என்று தந்தவரின் பெயரறியாமலே அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர்கள் அனுமதிக்கும் நாளில் டயாலிசிஸ் அறைக்குத் திரும்பிச் சென்று, காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவரின் அருகில் அந்த நான்கு மணி நேரமும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் முடிவு.

ஒரு நாளைக்கு இத்தனை மிடறு என்று எண்ணிக் குடித்த நான், இன்று காலை ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். அளப்பதை மட்டும் விடவில்லை. மருத்துவர் கேட்டபடி ஒவ்வொரு முறையும் குவளையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, கோட்டுக்கு நேராகக் கண் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

அந்த மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் எவரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து அவரைத் தேடி இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: அம்மா, நேற்று 2,350.